மக்களவையின் ஒரு நாள்: அலுவல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது எப்படி?

நாடாளுமன்றம் கூடும் நாட்களில் இரவுச் செய்தியில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடக் காட்சிதான். கையில் பதாகைகள், கோஷம், சபாநாயகர் எழுந்து நின்று ஏதோ சொல்கிறார், அப்புறம் 'அவை நாளை வரை ஒத்திவைப்பு' என்று கீழே ஓடும் எழுத்து. "இவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். அன்று அவையில் என்னென்ன எடுக்கப்படும் என்று வரிசையாகச் சொல்லும் அலுவல் பட்டியல் என்ற ஒன்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று பிடிபட்டது.

புதிதாகப் பின்தொடர நினைக்கும் மாணவர்கள், இளம் செய்தியாளர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், தன் தொகுதி எம்.பி. என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் யாரானாலும் சரி, அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மக்களவையை வைத்துச் சொல்கிறேன். மாநிலங்களவையில் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் குறிப்பிடுகிறேன்.

முந்தின நாள் மாலை: பட்டியலை எடுங்கள்

நாளைய நிகழ்ச்சிக்கு இன்றே தயாராக வேண்டும். சன்சத் டாட் இன் என்ற இணையதளத்தில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனிப் பகுதி இருக்கிறது. மக்களவைப் பகுதியில் அலுவல் பட்டியல் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், தமிழில் வருவதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இருபதோ முப்பதோதான். ஒரு வாரம் படித்தால் போதும், பழகிவிடும்.

முதல் பக்கத்தின் தலையில் நாள், தேதி. அதன் கீழே சக ஆண்டுத் தேதியும் இருக்கும். 2024 ஜூலை 22 என்றால் கூடவே 'ஆஷாட 31, 1946'. முதல்முறை பார்ப்பவர்கள் இதைக் கண்டு குழம்புவதுண்டு. அது நம் நாட்டின் அதிகாரபூர்வ நாட்காட்டி, அவ்வளவுதான். அடுத்து '11 மணி' என்று இருக்கும். கடைசிப் பக்கத்தின் அடியில் மக்களவைப் பொதுச்செயலரின் பெயர் இருக்கும்.

அந்தப் பெயர் சும்மா இல்லை. அவை விதிகளில் 31வது விதி, அன்றைய அலுவல் பட்டியலைப் பொதுச்செயலர் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதே விதியின் இரண்டாவது பகுதிதான் நமக்கு முக்கியம்: பட்டியலில் இல்லாத அலுவல் எதையும் சபாநாயகரின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. இன்று எது நடக்கலாம் என்பதற்கு இந்தக் காகிதம்தான் எல்லை.

ஒரு எச்சரிக்கை. மாலையில் எடுத்த பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். 'திருத்திய பட்டியல்' என்று ஒன்று வரலாம். 'துணைப் பட்டியல்' என்று இன்னொன்று, சில நாட்களில் அவை கூடிய பிறகுகூட வரும். பெரிய விஷயங்கள் சிலமுறை இந்த வழியாகத்தான் நுழைந்திருக்கின்றன. 2023 செப்டம்பர் 19 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவை முதல்முறையாகக் கூடியது. மகளிர் இடஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா அன்று அறிமுகமானது துணைப் பட்டியல் வழியாகத்தான். மசோதாவின் பிரதி எங்களிடம் இல்லையே என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். இணையத்தில் ஏற்றியாகிவிட்டது என்று அரசுத் தரப்பு சொன்னது. அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே பிரதி உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. சபாநாயகர் அதிலிருந்து விலக்குத் தரலாம். ஆகவே காலை பத்தரைக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை இணையதளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியலில் எதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது, அலுவல் ஆய்வுக் குழு. சபாநாயகர்தான் தலைவர், அவரையும் சேர்த்து 15 பேர். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள். அந்த நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள். சிறிய கட்சி உறுப்பினர் பேச எழுந்த மூன்றாவது நிமிடத்தில் மணி அடிக்கிறதே, காரணம் இதுதான்.

11 மணி: கேள்வி நேரம்

சபாநாயகர் வந்து அமர்ந்ததும் மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்கு இரங்கல் இருந்தால் அது முதலில். புதிய உறுப்பினர் பதவியேற்பு இருந்தால் அதுவும். பிறகு நேராகக் கேள்வி நேரம். மக்களவையில் 11 முதல் 12 வரை. மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து கேள்வி நேரம் பகல் 12 மணிக்கு. இரண்டு அவைகளையும் ஒருசேரப் பார்ப்பவர்களுக்கு இது வசதி. 11 மணிக்கு மக்களவை, 12 மணிக்கு மாநிலங்களவை என்று மாறிக்கொள்ளலாம்.

அலுவல் பட்டியலில் கேள்விகள் இருக்காது. 'தனிப் பட்டியல்களில் உள்ள கேள்விகள் கேட்கப்பட்டுப் பதில் தரப்படும்' என்று ஒரே வரிதான். அந்தத் தனிப் பட்டியல்களைக் கேள்விகள் பகுதியில் எடுக்க வேண்டும். அவை இரண்டு வகை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மக்களவையில் 20, மாநிலங்களவையில் 15. குறியிடாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு 230, மாநிலங்களவையில் 160. ஓர் உறுப்பினருக்கு மக்களவையில் ஒரே நாளில் அதிகபட்சம் 5 கேள்விகள் இடம்பெறலாம், அதில் நட்சத்திரக் கேள்வி ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. முழுமையாக 15 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். எதற்கு முன்னுரிமை என்பது குலுக்கலில் முடிவாகும்.

அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்கு ஒரு குழு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களுக்கு ரயில்வே மட்டும் போதும் என்றால் ரயில்வேயின் கிழமை எது என்று கூட்டத்தொடர் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் பார்த்தால் போதும்.

நேரலையில் பார்க்கும்போது கேள்வி எண்ணைச் சொல்லி உறுப்பினரின் பெயரை சபாநாயகர் அழைப்பார். அமைச்சர் எழுந்து பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "பதில் அவையின் மேசையில் வைக்கப்படுகிறது." புதிதாகப் பார்ப்பவர்கள், பதிலே சொல்லவில்லையே என்று நினைத்துவிடுவார்கள். முதல் பதில் ஏற்கனவே அச்சில் இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு இனி இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. பிறகு சபாநாயகர் அனுமதிக்கும் மற்றவர்கள் கேட்கலாம். உயிர் இந்தத் துணைக் கேள்விகளில்தான் இருக்கிறது. அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததைத் தாண்டி அமைச்சர் தன் துறையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். நீட் வினாத்தாள் கசிவு பற்றி 2024 ஜூலை 22 அன்று கல்வி அமைச்சருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் நடந்த கடும் வாக்குவாதம் கேள்வி நேரத்தில் நடந்ததுதான். அன்று அந்தக் கேள்வியின் அச்சுப் பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு வாக்குவாதம் எங்கிருந்து கிளம்பியது என்று விளங்கியிருக்கும்.

20 கேள்வியும் ஒரு மணி நேரத்தில் முடியுமா? அநேகமாக முடியாது. சில கேள்விகளோடு 12 மணி ஆகிவிடும். 2019 நவம்பர் 27 அன்று இருபதையும் முடித்தார்கள். 1972க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை என்று அப்போது செய்தியானது.

இந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போன கூட்டத்தொடரும் உண்டு. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே நீக்கிவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. அமைச்சரை எழுப்பி நிற்கவைத்துக் கேட்கும் வாய்ப்பு உறுப்பினர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் அது.

எழுத்துப் பதில்கள்: இங்கே கொஞ்சம் உட்காருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

அவை 11 மணி 5 நிமிடத்துக்கே ஒத்திவைக்கப்பட்டாலும், நட்சத்திரக் கேள்விகள் ஒன்றுகூட எடுக்கப்படாவிட்டாலும், அத்தனை பதில்களும் மேசைக்கு வந்துவிடும். எழுத்துப் பதில்களாகவே அவை பதிவாகும். இணையதளத்திலும் ஏறிவிடும். டிவியில் 'இன்றும் அவை முடங்கியது' என்று செய்தி ஓடிக்கொண்டிருக்கும் அதே மதியம், 250 கேள்விகளுக்கு அரசின் எழுத்துபூர்வமான பதில் உங்கள் கைபேசிக்கு வரக் காத்திருக்கிறது. அமளி நாள் என்றால் எதுவுமே கிடைக்காத நாள் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் எப்போது வரும் என்பது டீக்கடையில் தினமும் ஓடும் பேச்சு. ஆளுக்கு ஒரு வதந்தி சொல்வார்கள். ஒரு நாள் காலையிலேயே அவை ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. சரி, பதில்களையாவது பார்ப்போம் என்று புரட்டினேன். தமிழ்நாட்டு மேம்பாலங்கள் பற்றி வேறு ஏதோ தொகுதியின் உறுப்பினர் கேட்ட கேள்வி. பதிலோடு ஓர் இணைப்பு, அதில் நீண்ட அட்டவணை. கீழே இறக்கிக்கொண்டே போனால் எங்கள் ஊர்ப் பெயர், கேட்டின் எண், நேரே ஒரு வரி: வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, நிலம் எடுக்கும் வேலை நடக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடையில் கொடுத்தேன். சர்க்கரை டப்பாவுக்கு மேலே ரொம்ப நாள் ஒட்டியிருந்தது.

அந்தக் கேள்வியை எங்கள் எம்.பி. கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் தேடும்போது உறுப்பினர் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அமைச்சகம், தேதி, தலைப்புச் சொல் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். தலைப்பில் உங்கள் ஊர் இருக்காது. ஊர்ப் பெயர் பெரும்பாலும் இணைப்புக்குள்தான் ஒளிந்திருக்கும்.

பதிலைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கேள்வி (அ), (ஆ), (இ) என்று துண்டு துண்டாக இருக்கும். பதில் பல சமயம் '(அ) முதல் (உ) வரை' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வரும். எந்தத் துண்டுக்குப் பதில் விடுபட்டுப் போனது என்று பென்சிலால் குறியுங்கள். 'கேள்வி எழவில்லை' என்று இருந்தால் அதற்கு முந்தைய துண்டுக்கு 'இல்லை' என்று பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்' என்று இருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். அது வெறும் சமாளிப்பு வரி அல்ல. அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் கழித்து உங்கள் எம்.பி.க்கு எழுதும்போது கேள்வி எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு எழுதினால், அந்தக் கடிதத்துக்கு வேறு கனம் வரும்.

12 மணி: மேசைக்கு வரும் காகிதங்களும், பட்டியலில் இல்லாத ஒரு நேரமும்

கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர்கள் வரிசையாக எழுந்து, தம் பெயரில் உள்ள ஆவணங்களை மேசையில் வைப்பதாகச் சொல்லி உட்காருவார்கள். ஒரே சலிப்பான ஐந்து நிமிடம். ஆனால் பட்டியலில் 'மேசையில் வைக்கப்படும் ஆவணங்கள்' என்ற தலைப்பை மட்டும் தவறவிடாதீர்கள். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள், அவசரச் சட்டங்கள், அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், சட்டங்களின் கீழ் அரசு போடும் விதிகள் எல்லாம் மக்கள் முன் வரும் வாசல் அதுதான். துறைவாரியாக வேலை பார்க்கும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்கள் தரும் அறிக்கைகளும் இதையொட்டித்தான் வரும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை தாமதமாக வந்தால், ஏன் தாமதம் என்று ஓர் அறிக்கையும் சேர்த்து வைக்க வேண்டும். அப்படி ஒரு வரி தென்பட்டால் அதைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் பூஜ்ய நேரம். புதியவர்கள் எல்லோரும் தேடுவது இதைத்தான், பட்டியலில் காணோமே என்று கேட்பதும் இதைத்தான். காணாது. விதிப் புத்தகத்திலும் அந்தச் சொல் இல்லை. 1960களில் பழக்கத்தில் வந்து நிலைத்துவிட்ட ஏற்பாடு அது. அவசரப் பொது விஷயத்தை எழுப்ப விரும்பும் உறுப்பினர்கள் நோட்டீஸ் கொடுப்பார்கள், குலுக்கலில் வரிசை முடிவாகும். இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். மீனவர் கைது, புயல் நிவாரணம், ரயில் நிறுத்தம் என்று நம் பக்கத்து எம்.பி.க்கள் பேசும் துண்டுக் காணொளிகள் நமக்கு வருகின்றனவே, பெரும்பாலும் இந்த நேரத்தில் எடுத்தவைதான். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. மாநிலங்களவையில் இது காலை 11 மணிக்கே வரும்.

இதையும் 377வது விதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'விதி 377ன் கீழ் விஷயங்கள்' என்று பட்டியலிலேயே இருக்கும். உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற்ற சிறு குறிப்பை அப்படியே வாசிப்பார். நேரமில்லாத நாளில் வாசிக்காமலே மேசையில் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பூஜ்ய நேரப் பேச்சு அளவுக்குக் கேமராவில் எடுபடாது. ஆனால் எழுத்தில் இருப்பதால் அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும். தொகுதிப் பிரச்சினைக்கு இதை ஒழுங்காகப் பயன்படுத்தும் உறுப்பினர்களை நான் மதிக்கிறேன்.

சில நாட்களில் 12 மணிக்குப் பெரிய சத்தத்தோடு 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்ற பேச்சு அடிபடும். மற்ற எல்லா அலுவலையும் நிறுத்திவிட்டு இதை எடுங்கள் என்ற கோரிக்கை அது. சபாநாயகர் அனுமதிக்க வேண்டும், ஆட்சேபம் எழுந்தால் 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும். அனுமதி கிடைப்பது அபூர்வம். அவையை அன்றைக்கு முடித்து வைக்கும் 'ஒத்திவைப்பு' வேறு, இது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் செய்தி எழுதுகிறவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

உணவு இடைவேளை 1 முதல் 2 வரை. பெரிய விவாத நாளில் அதையும் விட்டுவிட்டுத் தொடர்வார்கள்.

2 மணிக்குப் பிறகு: மசோதா

பட்டியலில் 'சட்டமியற்றும் அலுவல்' என்ற தலைப்பு. அதன் கீழ் இரண்டு உட்பிரிவு: அறிமுகத்துக்கான மசோதாக்கள், பரிசீலித்து நிறைவேற்றுவதற்கான மசோதாக்கள். செய்தியில் 'மசோதா தாக்கல்' என்று சொல்வது முதல் வகை. அது நடக்கும் நேரம் பெரும்பாலும் 12 மணியை ஒட்டித்தான், மதியம் அல்ல.

ஒவ்வொரு மசோதாவின் கீழும் இரண்டு வரி இருப்பதைப் பாருங்கள். அறிமுகம் என்றால், முதல் வரி: இன்ன அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருவார். இரண்டாவது வரி 'மேலும்' என்று கொட்டை எழுத்தில் தொடங்கும்: மசோதாவை அறிமுகம் செய்வார். இரண்டும் தனித்தனிச் செயல். அனுமதிக்கும் அறிமுகத்துக்கும் நடுவே உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், வாக்கெடுப்புக் கேட்கலாம். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவுக்கு நடந்தது அதுதான். அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு, ஆதரவாக 269, எதிராக 198. அன்று மசோதா 'நிறைவேறியது' என்று பகிர்ந்தவர்கள் பலர். நிறைவேறவில்லை, வாசலைத் தாண்டியது, அவ்வளவே. பிறகு அது இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக் குழுவுக்குப் போனது.

பரிசீலனையிலும் அதே அமைப்புதான். மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்க வேண்டும் என்று அமைச்சர் முன்மொழிவார். 'மேலும்', நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிவார். இரண்டு வரிக்கும் இடையில்தான் விவாதம் முழுக்க நடக்கிறது. முதலில் பொது விவாதம், அமைச்சரின் பதிலுரை. பிறகு பிரிவு பிரிவாக வாக்கு. இந்தக் கட்டம் வேகமாக ஓடும், காது கொடுத்துக் கேளுங்கள். சபாநாயகர் 2வது பிரிவு, 3வது பிரிவு என்று போய்க்கொண்டே இருப்பார். உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்களை நடுவில் எடுத்துத் தோற்கடிப்பார்கள், அல்லது ஏற்பார்கள். கடைசியில்தான் 1வது பிரிவு வரும். மசோதாவின் பெயரைச் சொல்லும் பிரிவு என்பதால் அதைக் கடைசிக்கு வைப்பது மரபு. 1வது பிரிவு என்று காதில் விழுந்தால், இன்னும் ஓரிரு நிமிடத்தில் மசோதா நிறைவேறப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பட்டியலில் 'மேலும் விவாதம்' என்று தொடங்கி, இன்ன தேதியில் இன்னார் முன்மொழிந்த தீர்மானத்தின் மீது என்று இருந்தால், அது நேற்றோ அதற்கு முன்போ பாதியில் நின்ற விவாதம். அப்படியானால் பழைய நாளின் உரைகளையும் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். நடுவில் வந்து உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரலில்தான். 'ஆம்' என்போர், 'இல்லை' என்போர் என்று கேட்டு, ஆம் பக்கம் பெரும்பான்மை என்று சபாநாயகர் அறிவிப்பார். அப்போது ஓர் உறுப்பினராவது எதிர்த்து, தலை எண்ணும் வாக்கெடுப்பு வேண்டும் என்று வற்புறுத்தினால் மணி ஒலிக்கும். மூன்றரை நிமிடம். வளாகத்தில் எங்கே இருந்தாலும் ஓடி வர வேண்டும். மணி நின்றதும் கதவை மூடிவிடுவார்கள். பிறகு பலகையில் பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் வாக்களிக்காமல் ஒதுங்கியவர். நம் எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்று பெயரோடு பதிவாவது இந்த முறையில் மட்டுமே. குரல் வாக்கில் யார் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. அரசியல் சட்டத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை (வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல்) தேவை என்பதால் அதற்குத் தலை எண்ணியே ஆக வேண்டும். மகளிர் இடஒதுக்கீடு 2023 செப்டம்பர் 20 அன்று 454க்கு 2 என்று நிறைவேறியது அப்படித்தான்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. விதிப்படி அவை மாலை 6 மணியோடு முடிய வேண்டும். அவையின் ஒப்புதலோடு நீட்டிப்பார்கள். வக்ஃப் திருத்த மசோதாவுக்கு ஒதுக்கியது 8 மணி நேரம். 2025 ஏப்ரல் 2 பகலில் தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டி, 288க்கு 232 என்ற வாக்கோடு முடிந்தது. அந்த வாக்கெடுப்பைத் தேடுகிறவர்கள் ஏப்ரல் 2ஆம் தேதி அமர்வில்தான் தேட வேண்டும், காலண்டரில் தேதி மாறிவிட்டிருந்தாலும். விவாதம் நீளும் இரவுகளில் அவை காலியாகத் தெரியும். அப்போது 55 பேர், அதாவது பத்தில் ஒரு பங்கு, உள்ளே இருக்கிறார்களா என்று யாராவது கேள்வி எழுப்பினால், ஆள் சேரும் வரை மணி அடிக்கும்.

வெள்ளிக்கிழமை மாலையை விட்டுவிடாதீர்கள்

வெள்ளிக்கிழமைகளில் மதியம் மூன்றரை முதல் ஆறு வரை அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் நேரம். ஒரு வாரம் தனிநபர் மசோதா, மறுவாரம் தனிநபர் தீர்மானம். பல எம்.பி.க்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவதால் கேமரா காட்டும் பெஞ்சுகள் வெறிச்சென்று இருக்கும். சட்டமாக ஆனவை சுதந்திரத்துக்குப் பிறகு 14 மட்டுமே, கடைசியாக 1970இல். அப்படியானால் எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும்?

2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தாக வேண்டிய நிலை வந்தது, 2019இல் தனிச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் திருநர் சமூகத்தினருக்கு இருக்கும் குறைகள் வேறு பேச்சு. நாளைய சட்டங்களின் முதல் வரைவு சிலசமயம் அந்த வெறிச்சென்ற பெஞ்சுகளில்தான் வாசிக்கப்படுகிறது.

அரசின் அடுத்த வார அலுவல் என்ன என்பதை நாடாளுமன்ற விவகார அமைச்சர் அறிவிப்பதும் வார இறுதி அமர்வில்தான். பட்டியலில் அதற்குத் தனி வரி இருக்கும். அடுத்த வாரம் எந்த நாளில் லீவு போட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்று அதைக் கேட்டு முடிவு செய்யலாம்.

நேரில், திரையில்

2021 செப்டம்பரில் இரண்டு அவைகளின் தொலைக்காட்சிகளையும் இணைத்து சன்சத் டிவி ஆக்கினார்கள். யூடியூபிலும் நேரலை வரும். நேரில் பார்க்க எம்.பி. பரிந்துரையில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே பட்டியலைக் காகிதத்தில் முன்பே ஒருமுறை நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள்.

அன்று இரவு

இனிக் கடைசி வேலை. அமர்வு முடிந்ததும் 'செய்திக்குறிப்பு, பகுதி 1' (ஆங்கிலத்தில் புல்லட்டின்) என்று ஒரு சிறு ஆவணம் மக்களவைப் பக்கத்தில் ஏறும். அன்று என்ன நடந்தது என்பதன் சுருக்கமான பதிவு: எத்தனை நட்சத்திரக் கேள்விகள் வாயால் பதில் பெற்றன, எந்த மசோதா எந்தக் கட்டம் வரை போனது, எத்தனை மணிக்கு முடிந்தது. காலையில் எடுத்த அலுவல் பட்டியலை இடது பக்கமும் இதை வலது பக்கமும் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நடந்ததற்கு ஒரு டிக், நடக்காததற்கு ஒரு சுழி. முதல் வாரம் அரை மணி நேரம் ஆகும், பிறகு பத்து நிமிடம் போதும். சுழி போட்ட வரிகளை மறுநாள் பட்டியலில் தேடுங்கள். சில அங்கே வந்திருக்கும். வராதவற்றுக்குத் தனியாக ஒரு நோட்டில் தேதியும் மசோதா எண்ணும் எழுதி வையுங்கள். ஏதோ ஒரு மதியம், துணைப் பட்டியலில், அவற்றில் ஒன்று திரும்பி வரும்.